பாவாயியின் முகத்தை எழுதும் பாடு

1

ஞாயிற்றுக்கிழமையென்றால் பாவாயிக்குப் பசி. ஜல்லி உடைக்கப் போகாத நாளில் கூலி கிடையாது. கூலி இல்லாத நாளில் காலையில் ஒரு வாய்க் களி, அப்புறம் தண்ணீர்தான். கொல்லிமலைக்கு ரோடு போட்ட காலத்தில் அவளோடு உட்கார்ந்து கல்லுடைத்தவள் என் அம்மா. அவள் சொன்னதுதான் இந்தக் கதை. நான் சேர்த்ததை அங்கங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “பாவாயியின் முகம் முழுநிலவைப் போல—”

அடித்தாயிற்று. கல்தூசி அப்பிய முகத்தை நிலவென்று எழுதினால் அம்மாவே சிரிப்பாள்.

இரண்டாவது: “தேவனுடைய மகிமை அவள்மேல்—”

இது போதகர் பிழைப்பு. நான் கைவைக்கக் கூடாது.

மூன்றாவதை நேராகச் சொல்கிறேன். சோளக்காட்டுக்கு மேலே ஒரு பாறை. சர்ச்சு அடிவாரத்தில் இருந்தது. போய்வர ஒரு நாள் பற்றாது. அதனால் பாவாயி பாறைமேல் உட்கார்ந்து தெரிந்த பாட்டையெல்லாம் பாடுவாள். பாட்டுத் தீர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கேட்க ஒன்றும் இல்லாமல், ஆண்டவரோடு சும்மா இருப்பாள்.

3

அப்படி இருந்தபோதுதான் அரியூர் நாட்டு மயிலம்மாள் அந்தப் பக்கம் வந்தாள். முந்தின நாள் மேயப் போன அவள் பசு திரும்பவில்லை. பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்று தோளில் கிடந்தது. பாலில்லாமல் இன்னொரு ராத்திரி அது தாங்காது.

பாவாயியின் முகத்தைப் பார்த்தாள். அவள் அறிந்தவரை ஆள் அசையாமல் இருந்து முகம் இப்படி ஆனால் ஒரே அர்த்தம்தான்: சாமி இறங்கியிருக்கிறது. கோயிலுக்கென்று வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துப் பாறையில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

“எம்பட மாடு எந்தத் தெசைல நிக்குது? ஒரு வாக்குக் குடு சாமீ!”

பாவாயி பதறி எழுந்தாள்.

(இங்கே கதையை நிறுத்தி அவள் வயிற்றைக் கேட்கிறேன். கிழக்கே என்று கையை நீட்டினால் போதும், பழம் அவளுக்கு. மாடும் அங்கேயே கிடைத்துவிட்டால் வாராவாரம் சீப்பு வரும். இந்த நினைப்பு நான் சேர்த்தது. கை நீளவில்லை என்பது அம்மா சொன்னது.)

“எம்மேல எதும் வரலீங்கக்கா. நாஞ் சும்மா ஆண்டவரப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“ஆமாங்க.”

“பின்ன மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது?”

“எப்புடி இருக்குது?” பாவாயி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தூசி என்று நினைத்தாள்.

மயிலம்மாள் யோசித்தாள். “கடைசிக் கட்டு கதிரு களத்துக்கு வந்து சேந்த அன்னிக்கு எங்கூட்டு மூஞ்சியெல்லாம் இருக்குமே, அப்புடி.”

நான் இரண்டு தடவை முயன்று முடியாததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இனி அந்த முகத்தை நான் தொடப்போவதில்லை.

“வாக்குச் சொல்லத் தெரியாதுங்க. தேடறதுக்கு வாரேன்.”

“அப்ப பழத்த நீயே தின்னு. வெறும் வயித்தோட மேடு ஏற முடியாது.”

4

பாவாயி பாடிக்கொண்டே ஏறினாள்.

“வாய மூடு புள்ளே! கன்னு கத்துறது மாட்டுக்குக் கேக்கட்டும்.”

மூடினாள். கன்று கத்தியது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. முத்தன் என்பவனின் சாமைக் காட்டில் புகுந்து மேய்ந்த பசுவை அவன் கட்டிப்போட்டிருந்தான்.

“தின்னதுக்கு ரெண்டு நாள் களையெடுத்துக் குடுத்துட்டு ஓட்டிக்கிட்டுப் போ,” என்றான்.

“அதுவரைக்கும் கன்னு உசுரோட இருக்குமா? அவுத்து உடு, நாளைக்கே வந்து ஒரு நாள் செய்யறேன்,” என்றாள் மயிலம்மாள்.

“இன்னொரு நாளு?”

“அது என்னுதுங்க,” என்றாள் பாவாயி.

“நீ யாரு? மாடு உம்படதா?”

“இல்லீங்க.”

“அப்புறம் உனக்கென்ன வந்துச்சு?”

“சந்தோசமா இருக்குதுங்க.”

முத்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். எதற்கென்று தெரியாமலே அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வர்ற ஞாயித்துக்கிழமை வா.”

“அன்னிக்கு முடியாதுங்க, அது ஆண்டவரு நாளு. கூலி போனாப் போவுது, வேலை நாள்ல வாரேன்.”

அவன் கயிற்றை அவிழ்த்தான். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

5

முடிவு ஒன்று: முத்தன் ஞானஸ்நானம் எடுத்தான். சபைப் பத்திரிகையில் போடுவார்கள். அம்மா அப்படிச் சொல்லவில்லை.

முடிவு இரண்டு: ஒரு நாள் லீவு கேட்டதற்கு மேஸ்திரி பாவாயியை வேலையைவிட்டு நிறுத்தினான். ஏழை கஷ்டத்தையே எழுதும் என் சேக்காளிகளுக்குப் பிடிக்கும். அதையும் அம்மா—

(சொல்லவில்லை. இந்த இடத்தில் அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.)

மயிலம்மாளை அடுத்த ஞாயிறு அந்தப் பாறைக்குக் கூட்டிவருவதோ வீட்டில் பால் கறக்க விடுவதோ உங்கள் இஷ்டம். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: முத்தனின் சாமைக் காட்டில் பாவாயி ஒரு நாள் களையெடுக்க வேண்டும். அம்மா எழுந்துபோன இடத்தில் அவள் இன்னும் எடுக்கவில்லை.