ஆற்றங்கரையிலிருந்தே கேட்க வேண்டும்

எங்கள் அம்பாசடர் நீலப்புகை கக்கத் தொடங்கிய வருடத்தில்தான் பெட்ரோல் விலையும் ஏறியது. உச்சவரம்புச் சட்டத்தில் நிலத்தின் பெரும்பகுதி போயிருந்தது. டிரைவரை நிறுத்திவிட்டு நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி எஞ்சினை மாற்றாமல் ஓடாது என்று திருத்துறைப்பூண்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மீரா உசேன் சொல்லிவிட்டார். அவரிடம் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று, பழுது பார்த்து வைத்த பெட்ரோல் எஞ்சின். மற்றது, விபத்தில் நசுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல்.

என் தம்பி ராமச்சந்திரன் டீசல் கட்சி.

"பம்ப்செட்டுக்கு வாங்கற பீப்பாயிலேர்ந்தே ஊத்திக்கலாம் அண்ணா. பெட்ரோல்ல பாதி விலைகூட இல்லை."

"பம்ப்செட்டுக்கு ஊத்தறதை ஊத்தினா பம்ப்செட் மாதிரிதான் கத்தும். நம்மாத்து வண்டி லாரி மாதிரி தடதடன்னு கோவில் வாசல்ல போய் நிக்கணுமா?"

"கௌரவத்தை டாங்கில ஊத்த முடியுமா?"

"இத்தனை நாளா அதை ஊத்தித்தான்டா ஓடறது."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நிலம் போனது ஊருக்குத் தெரியும். அதை நானே தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டுமா? பெட்ரோல் எஞ்சினையே போடலாம், அறுவடை முடியட்டும் என்று தள்ளிவைத்தேன்.

அதுவரைக்கும் ஒரு சிக்கனம் கண்டுபிடித்திருந்தேன். எங்கள் ஊர்ச்சாலை முள்ளியாற்றுக் கரையின் மேல் வருகிறது. அங்கிருந்து களத்துக்கு இறங்கும் வழி நல்ல சரிவு. சரிவின் தலைப்பில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால், வண்டி தானாகவே களம் வரை உருண்டு வந்துவிடும். தம்பிக்குக்கூட இதைச் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் அறுப்புக்கூலித் தகராறு முற்றியிருந்தது. சர்க்கார் நிர்ணயித்த கூலிக்கு மேல் விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது. பக்கத்து ஊர் மிராசுதார்கள் சிலர் வெளியாட்களை இறக்கினார்கள். அறுக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள், அடிக்க வந்தவர்களும் இருந்தார்கள். கிழக்கே குடிசைக்குள் மனிதர்களை வைத்து எரித்த கொடுமையை எந்தத் தெருவும் மறந்திருக்கவில்லை. நிலம் வைத்திருந்த எல்லார் மேலும் அந்தக் கரி படிந்திருந்தது. என் கதிரும் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. ஆள் விட்டுப் பேசுவது எங்கள் குடும்ப வழக்கம் இல்லை. களத்தோரம் குடியிருந்த சங்கத்துத் தலைவர் இராஜாங்கத்திடம் நேரில் பேசிவிடுவோம் என்று ஒரு பிற்பகல் நானே கிளம்பினேன்.

சரிவில் வழக்கம்போல் எஞ்சினை அணைத்தேன். களத்தின் ஓரம் குடிசை வாசல்களில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் வைக்கோலில் புரண்டுகொண்டிருந்தன. காற்றில் கதிர் உரசும் ஓசையில் வண்டி உருளும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒருத்தி திரும்பிப் பார்த்தபோது வண்டி அவளுக்குப் பத்தடியில் இருந்தது.

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. குழந்தைகளை வாரிக்கொண்டு எல்லோரும் வயலுக்குள் விழுந்து ஓடினார்கள். கஞ்சிச் சட்டி ஒன்று கவிழ்ந்து உருண்டது. நின்றவள் காளியம்மாள் ஒருத்திதான். எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவள். நடக்க முடியாத மாமியார் உள்ளே கிடக்க, கருக்கரிவாளோடு வாசலை மறித்து நின்றாள்.

நான் இறங்கினேன்.

"ஐயரா?" என்றாள். அரிவாள் மெல்லத் தாழ்ந்தது.

"ஏன் எல்லாரும் ஓடறா? என் வண்டியைப் பார்த்தா தெரியாதா?"

"வர்றதே தெரியலீங்களே. திரும்பினா காரு நிக்குது. யாரு காருன்னு எறங்கிப் பாத்தப்புறம்தானே தெரியும்? மொகம் தெரியறதுக்குள்ள உசுரு போயிடுங்க."

"நான் அப்படிப்பட்டவனா?"

"நீங்க இல்லீங்க. ஆனா இப்படித்தானே வருவாங்க." கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உங்க அப்பாரு வண்டி வந்தா மாட்டுச் சலங்கை ஆத்தங்கரையிலேயே கேக்குமாம். எங்க மாமியா சொல்லும். புடிச்சுதோ புடிக்கலியோ, வர்றாருன்னு தெரியும். நீங்க ஏன் இஞ்சின அமத்திட்டு வர்றீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "எண்ணெய் மிச்சம்" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அடேயப்பா, காருக்கும் கூலியக் கொறச்சிட்டீங்களா ஐயரே!"

கதிருக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை. இராஜாங்கமும் கண்ணில் படவில்லை, ஓடிப்போனவர்களிடம் கூலி பேச முடியாது. திரும்பிவிட்டேன்.

அன்று மாலை முழுவதும் அந்த அலறல் காதில் நின்றது. எங்கள் குடும்பத்தில் கோபக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். கூலியில் கறாராக இருந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஓசைப்படாமல் அடுத்தவர் தெருவுக்குள் நுழைந்தவன் கிடையாது. அது திருடன் செய்கிற காரியம். சலங்கை அழகுக்கு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எதிரில் இருப்பவனுக்கு, வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லும் மரியாதையும் அதில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை மீரா உசேன் முன்னால் நின்றேன்.

"டீசலையே போட்டுடுங்கோ."

அவருக்கு ஆச்சரியம். "சத்தம் ஆகாதுன்னீங்களே ஐயா?"

"பெட்ரோல் எஞ்சின் ஓடிண்டிருந்தா ஆத்தங்கரையிலேர்ந்து களத்துக்குக் கேக்குமா?"

"கேக்காதுங்க. காத்தடிச்சா பக்கத்துல வந்தாக்கூடக் கேக்காது. அதனாலதானே அதுக்கு மதிப்பு."

"இது?"

"இதுவா! ஊரே எழுந்து உக்காந்துக்கும்."

"அதான் வேணும்."

விஷயம் தெரிந்ததும் ராமச்சந்திரன் முகம் மலர்ந்தது. "கடைசியில கணக்கு புரிஞ்சுதா அண்ணா?" என்றான். புரிந்தது என்று மட்டும் சொன்னேன்.

வண்டி வந்ததும் நேரே களத்துக்குத்தான் போனேன். கரைமேல் போகும்போது ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது, கண்ணாடிகள் நடுங்கின. மதகில் உட்கார்ந்திருந்தவர்கள் லாரி என்று நினைத்து ஒதுங்கினார்கள். என்னைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காது கூசியது. சரிவின் தலைப்பில் பழக்கத்தால் கை சாவிக்குப் போனது. கையை எடுத்துவிட்டேன். தடதடவென்று அப்படியே இறங்கினேன்.

களத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. என் அப்பாவுக்கு அந்தத் தெரு முழுக்க எழுந்து நின்றிருக்கும். அது எனக்கு உறைக்காமல் இல்லை.

"ரைஸ் மில்லே கெளம்பி வருதுன்னு நெனச்சோம்!" என்று கூட்டத்திலிருந்து காளியம்மாள் கத்தினாள்.

இராஜாங்கம் முன்னால் வந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "ஆத்தங்கரையிலேயே கேட்டுதுங்க. எட்டிப் பாத்தா உங்க காரு. ஐயரு வர்றாருன்னு எல்லாரையும் வரச்சொல்லிட்டேன். கூலியப் பேசிடலாங்களா?"

அப்போதுதான் எஞ்சினை அணைத்தேன்.