ரைட்டரின் பீடி

தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததும் சிவக்குமார் மகனை ஓங்கி அறைந்தார். அறைந்துவிட்டு எங்களைப் பார்த்தார். நல்ல தகப்பன் என்று நாங்கள் மெச்ச வேண்டுமாம். கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அவர். வாயைத் திறந்தால் பீடி நாற்றம் மேஜையைத் தாண்டி வந்தது.

மகன் வெங்கடேஷ் பிளஸ் ஒன். பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் பீடியோடு மாட்டிக்கொண்டான். நான் அவனுடைய வகுப்பாசிரியை.

"கூட்டாளி சரியில்லைங்க சார்," என்றார் சிவக்குமார். "அந்த ரியாஸ் பையன்தான் பழக்கியிருப்பான். அவனுக்கு டிசி குடுங்க, எம்பையன் தன்னால திருந்திருவான்."

தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. ஆண்டுவிழாவுக்கு எஸ்டேட் ஜீப்பை அனுப்பி வைப்பவரின் மகனைத் தொடுவதைவிட, பஜாரில் பெட்டிக்கடை வைத்திருப்பவரின் மகனை வெளியே தள்ளுவது சுலபம். ரியாஸ் பீடியைத் தொட்டதே இல்லை என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும்.

"ரியாஸ்தான் பழக்கினான்னு எழுதிக் குடுப்பா, உன்னை விட்டர்றேன். இல்லேன்னா டிசி உனக்குத்தான்," என்று வெங்கடேஷிடம் ஒரு தாளை நீட்டினார்.

வெங்கடேஷ் பேனாவைத் தொடவில்லை.

"ரியாஸ் இல்லைங்க சார். ஆறாப்புல இருந்து ஊட்டு அடுப்புல பீடி பத்தவெச்சு, காப்பிக் களத்துல இருக்கற அப்பாவுக்குக் கொண்டு போறது நாந்தானுங்க. பனியில அணைஞ்சிருமுங்க. அணைஞ்சா அடி உழும். இழுத்துக்கிட்டே வா சாமின்னு அப்பாதானுங்க சொன்னாரு."

சிவக்குமாருக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அது அப்பனுக்குச் செய்யற வேலைடா! அதப் போயி பீடி குடிக்கறதுல சேர்ப்பியா?"

"சரி, இவனுக்கே டிசி எழுதுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர்.

"எழுதறேன் சார். அப்பாவுக்குப் பீடி பத்தவெச்சுக் குடுத்தான்னு காரணம் போடட்டுங்களா?"

அவர் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். வெங்கடேஷை வகுப்புக்குப் போகச் சொன்னார். அதற்குமேல் அவருக்குத் துணிச்சல் கிடையாது.

சிவக்குமார் வராண்டாவில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். இப்போதாவது அவருக்கு உறைத்திருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், நான்தான் முட்டாள்.

"கவிதா, நாளையிலிருந்து இவங்கிட்ட பீடியக் குடுக்காத. நொம்பக் கெட்டுப் போயிட்டான். சின்னவன்தான் நாலாப்பு வந்துட்டானே, அவங்கிட்டக் குடுத்தனுப்பு."