கார்நாட்டு அரசாணை

சனிக்கிழமை காலை பத்தரை மணி. திண்டிவனம் இ-சேவை மையத்தில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்த கவிதாவுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கவிதா, ஏரிக்குக் கீழ இருக்கிற நம்ம கொல்லையெல்லாம் கவர்மென்ட் எடுத்துக்கினாங்களாம்டி. திங்கக்கிழமை மிஷின் வருதாம்."

"யாரும்மா சொன்னது?"

"ஆர்டரே வந்திருக்குது. ஊர் குரூப்புல போட்டாங்க. நம்ம சர்வே நம்பரும் இருக்குது, நூத்திப் பதினாலு. பயிரு நின்னா அப்படியே ஓட்டிடுவாங்களாம். உங்கப்பா மல்லாட்டை புடுங்க எறங்கிட்டாரு."

"கடலை முத்த இன்னும் இருபது நாள் இருக்குதேம்மா! எல்லாம் பிஞ்சுக் காயாச்சே!"

"மிஷினுக்குப் போறதுக்கு மாட்டுக்காவது ஆவட்டும்ன்றாரு."

அம்மா அனுப்பிய படத்தைக் கவிதா திறந்து பார்த்தாள். அது அவளே எழுதிய ஆணை.

கார்நாடு என்ற நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. டெலிகிராம் குரூப் ஒன்றில் முப்பது பேர் இரண்டு வருடமாக விளையாட்டாகக் கட்டி எழுப்பிய நாடு அது. தேர்தல் உண்டு, சட்டசபை உண்டு, கட்சித் தாவலும் உண்டு. கவிதா வருவாய்த்துறை மந்திரி. எதிர்க்கட்சித் தலைவர் சித்தார்த்தன். நிஜத்தில் விழுப்புரத்தில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. ஆளை அவள் பார்த்ததில்லை. அவரவர் தொகுதியை அவரவரே உருவாக்க வேண்டும் என்பது விதி. அவன் சோம்பேறித்தனமாக விட்டதால், அவனுக்கும் சேர்த்து இவளே ஒரு தொகுதி செய்து கொடுத்தாள். கண்டாச்சிபுரம் பக்கத்தில் இருக்கும் தன் ஊரான மேல்கரைப்பட்டு கிராமத்தையே எடுத்தாள்; ஏரி, கரை, கொல்லை எல்லாம் அப்படியே. தினமும் சிட்டா எடுத்துக் கொடுப்பவளுக்குச் சொந்த ஊர் சர்வே எண்கள் மனப்பாடம். பேரைக்கூட மாற்றவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

வியாழக்கிழமை சட்டசபையில் அவன் அவளை "ரப்பர் ஸ்டாம்பு மந்திரி" என்றான். வெள்ளிக்கிழமை அவள் ஆத்திரத்தில் அவன் தொகுதிக்கு ஆணை போட்டாள்: ஏரி விரிவாக்கம், நிலம் எடுப்பு, திங்கட்கிழமை பயிர் அகற்றம். ஆணை எண், தேதி, பார்வை என்று எதுவும் குறையாமல்.

முதல்முறையாக அவனுக்குப் போன் செய்தாள்.

"யாருங்க?"

"வருவாய்த்துறை."

"மேடமா! இன்னா, போன்லயும் ஆர்டரா?"

"நேத்து ஆணையை வெளிய விட்டீங்களா?"

"ஸ்டேட்டஸ்ல வெச்சேன். ஏழைங்க நிலத்தைப் புடுங்குற அரசேன்னு. எதிர்க்கட்சின்னா அதானே?"

"மேல 'கார்நாடு அரசு'ன்னு போட்டிருந்தேனே, எங்க அது?"

"படம் அடங்கலை. மேல கொஞ்சம் வெட்டிட்டேன்."

"வெட்டினீங்களா? அது நிஜ ஊருங்க. எங்க ஊரு. எங்கப்பா மல்லாட்டையைப் புடுங்கிக்கினு இருக்காரு!"



"எங்க ஆபீஸ் டிரைவரு கண்டாச்சிபுரம் பக்கம். என் ஸ்டேட்டஸைப் பார்த்து அவர்தான் உங்க ஊருக்கு அனுப்பியிருப்பாரு. நீங்க பஸ் ஏறுங்க. நான் விழுப்புரம் ஸ்டாண்டுல பைக்கோட நிக்கிறேன்."

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது மறுபடி அம்மாவைப் போனில் பிடித்தாள்.

"அது பொய்ம்மா. கேம். நான்தான் எழுதினேன்."

"கேம்ல எப்படிடி நம்ம சர்வே நம்பரு வரும்? ஜனங்க ரோட்டுல மறியல் பண்ணாம இருக்க ஆபீசருங்க உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"நான் கவர்மென்ட் ஆளே இல்லம்மா!"

"தினம் கவர்மென்ட் பேப்பர்தானே அடிக்கிற? நீ வை, வேலை கெடக்குது."

அப்பாவிடம் போன் இல்லை. பஸ்ஸோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. அப்பா ஒரு பாத்தியைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

விழுப்புரம் ஸ்டாண்டில் நின்ற சித்தார்த்தன் அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தான். பைக்கில் ஏறியதும் சண்டையை ஆரம்பித்தார்கள்.

"ரப்பர் ஸ்டாம்புன்னு நீங்க சொல்லாட்டி நான் எழுதியே இருக்க மாட்டேன்."

"சொன்னதுக்காக ஒரு ஊரையே எடுப்பீங்களா? சர்வாதிகாரிங்க நீங்க."

"வண்டியை ஜல்தியா ஓட்டுங்க, எதிர்க்கட்சி."

கொல்லையில் பாதி தரை வெறுமையாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வரப்போரம் குவிந்திருந்தன. பக்கத்துக் கொல்லைகளிலும் ஆட்கள் குனிந்திருந்தார்கள். கவிதா ஓடிப்போய் அப்பா கையைப் பிடித்தாள்.

"யப்பா, நிறுத்துப்பா. ஆர்டர் நான் எழுதினது."

அப்பா கண்ணையன் நிமிரவில்லை. "பேஜாரு பண்ணாத. மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்."

கூட்டம் கூடிவிட்டது. சித்தார்த்தன் அவள் காதோரம் சொன்னான். "இவங்க காகிதத்தைத்தான் நம்புவாங்க. ரத்துன்னு ஒண்ணு அடிச்சு விடலாமா? ரெண்டு நிமிஷம்."

"இன்னொரு காகிதமா? உங்களுக்குப் புத்தி இருக்குதா?"

அவள் போனைத் திறந்து, சித்தார்த்தனின் தொகுதியைப் பற்றித் தான் எழுதியிருந்ததைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்தாள்.

"மேல்கரைப்பட்டு. கண்ணையன் கிணற்றில் மூன்றாவது படி உடைந்தது. ஏழு வருடமாகக் கட்டுகிறேன் என்கிறார். துரைக்கண்ணு என்பவர் வருடத்துக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்துவார். கேட்டால் எலி என்பார்."

"ஏய்! இன்னாடி எழுதி வெச்சிருக்கிற?" துரைக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்த ஆர்டரும் இதுக்குக் கீழதான் இருக்குது. நீயே சொல்லு சித்தப்பா. இது கவர்மென்டுக்குத் தெரியுமா?"

"அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

கண்ணையன் கையிலிருந்த செடி கீழே விழுந்தது. "அப்போ நம்ம கொல்லையை நீயேதான் எடுத்துக்கினியா?"

"ஆமாம்பா."

அவர் மீதியிருந்த பச்சைப் பாதியை ஒருமுறை பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கீழ்க்கொல்லை வெள்ளையம்மாள் வந்தாள். புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் வைக்கிறவள். முழங்கை வரைக்கும் மண்.

"மிஷின் வராதாடி?"

"வராது பெரிம்மா."

"நான் விடியக்காலம் எறங்கி முழுக்கப் புடுங்கிட்டேனே."

ஒரு காயை நசுக்கிக் காட்டினாள். உள்ளே பருப்பு இல்லை, தண்ணீர்தான்.

"இதை எழுதும்போது யாரு கொல்லைன்னு நெனைச்சுக்கினு எழுதின?"

கவிதா சித்தார்த்தனைக் காட்டினாள். "இவரு தொகுதி, போனா இவருக்குத்தான் போவும்னு."

வெள்ளையம்மாள் சித்தார்த்தனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"தம்பிக்கு எவ்ளோ நிலம் இருக்குது?"

"எனக்கு நிலமே இல்லைங்க," என்றான் அவன். "வாடகை வீடு."