தள்ளினானா, பிடித்தானா?

கல்யாண வீடுகளில் படம் பிடித்து வயிற்றைக் கழுவுகிற அந்தப் போட்டோக்காரனுக்கு ஒரு வியாதி. எதையும் கிட்டே இழுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பெரிய லென்ஸ் வாங்க வக்கில்லை. பழைய ஜூம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுகிற டெலிகன்வெர்ட்டர் ஒன்றை, யாரோ கழித்துப் போட்டதை, மலிவாக வாங்கியிருந்தான். அது தூரத்தைப் பாதியாக்கும், கூடவே வெளிச்சத்தையும் தின்றுவிடும். விற்றவரே சொன்னார், இவன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒருநாள் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து அழுதாள். அவள் புருஷன் எதிர்ச்சாரிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மூன்றாவது மாடியில், சரக்கு இறக்கத் தடுப்பில்லாமல் திறந்துகிடக்கும் வாசலில் வேலை. அந்த விளிம்பில் நிறுத்திவைத்தே ஆட்களை அடிப்பான் மேற்பார்வையாளன். முதலாளியிடம் போனால் சாட்சி எங்கே என்பார்.

“உன் மொட்டைமாடியில இருந்து பார்த்தா எல்லாம் தெரியுதேடா. அவன் கை ஓங்கறது ஒரு படத்துல விழுந்தா போதும்.”

“விடுக்கா, நான் பார்த்துக்கறேன். அவன் மீசை முடியைக்கூட எண்ணிடலாம்.”

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

மறுநாள் வானம் மூடிக்கிடந்தது. இவன் மொட்டைமாடியில் கேமராவோடு காத்திருந்தான். மாமா கிடங்கின் மூன்றாவது மாடி வாசலுக்கு வந்து நின்றார். இவன் வெறும் ஜூமில் ஒரு படம் எடுத்துப் பார்த்தான். ஆள் சின்னதாக, ஆனால் பளிச்சென்று இருந்தார். வெட்டிப் பெரிதாக்கினால் முகம் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆசை விட்டால்தானே! லென்ஸைக் கழற்றி, நடுவே கன்வெர்ட்டரை மாட்டினான்.

மறுபடி கண்ணை வைத்தபோது மேற்பார்வையாளன் மாமாவின் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தான். ஃபோக்கஸ் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் முனகியது.

“சனியனே, பிடிச்சுத் தொலை!”

கையால் திருகினான். இருந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் நிதானமாகத் திறந்து நிதானமாக மூடியது. ஒரு கை நீண்டது. அப்புறம் வாசலில் மாமா இல்லை. தெருவில் யாரோ அலறினார்கள்.

போலீஸ் அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பெரிய உருவங்கள் ஈரத்தில் கரைந்த மை போலக் கலந்து கிடந்தன.

“கால் வழுக்கிச்சு, பிடிக்கத்தான் கை நீட்டினேன்னு அந்த மேற்பார்வையாளர் சொல்றார். இதுல தள்ளுறாரா, பிடிக்கிறாரா?”

“தள்ளினான் சார். கண்ணால பார்த்தேன்.”

“நீங்க மச்சினன், அப்படித்தான் சொல்வீங்க. படம் சொல்லணுமே.”

கூட வேலை செய்தவர்கள் பிழைப்புக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. தவறி விழுந்தார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பாவிகள்!

காரியமெல்லாம் முடிந்தபிறகு, எடுத்ததையெல்லாம் காட்டச் சொன்னாள் அக்கா. முதல் படத்திலேயே நின்றுவிட்டாள். அதில் மாமா மொட்டைமாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இதுல முகம் நல்லாத்தானே தெரியுது?”

“அது கன்வெர்ட்டர் மாட்டறதுக்கு முன்னால எடுத்ததுக்கா.”

“அப்புறம் எதுக்குடா அதை மாட்டினே?”

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

“என்னிக்கும் எதிர்த்துப் பேசாத மனுஷன்டா. ‘மேல மச்சான் கேமராவோட இருக்கான், இன்னிக்கு நானும் அந்த மேற்பார்வையாளனை நாலு கேள்வி கேக்கப்போறேன்’னு சொல்லிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினார்.”