அத்தாயி போட்ட தையல்

புஷ்பலதாவுக்குத் தைக்கத் தெரியாது. தைப்பதெல்லாம் அத்தாயிதான். இருவருக்கும் வாழவந்தியில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அத்தாயி வெள்ளைக் காடாத் துணியில் பை தைத்துத் தருவாள். புஷ்பலதா அதை ஏற்காட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். மூன்று மாதத்துக்கு முன்பு, துணி எடுக்க மலையடிவாரத்துக் குப்பனூருக்குக் கிளம்பிய அத்தாயியின் மொபெட், மூடுபனியில் வளைவு தெரியாமல் பள்ளத்தில் விழுந்துவிட்டது; அவள் பிழைக்கவில்லை. அவள் கடைசியாகத் தைத்த நாற்பது பைகள் புஷ்பலதாவின் அலமாரியில் கிடந்தன.

அவற்றைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை. ஏற்காட்டு விடுதி ஒன்றின் மேனேஜர் லோகேஷ் போன் செய்து, கல்யாண விருந்தாளிகளுக்குப் பரிசு வைத்துக் கொடுக்க அலங்காரப் பைகள் வேண்டும் என்று கேட்டபிறகுதான் அலமாரியைத் திறந்தாள்.

"தையலே இல்லாம, ஒட்டியே அழகு பண்ணிக் குடுத்தர்றனுங்க" என்றாள்.

பழைய பட்டுச் சேலைகளின் கரையைக் கத்தரித்தாள். பையின் வாயை ஓரங்குலம் வெளியே மடித்து, துணிப் பசை தடவி, கரையைப் பதித்து, மேலே காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். கைப்பிடியில் சணல் கயிறு முடிந்து மணி கோத்தாள். முதல் நாள் பத்துப் பை முடிந்தது. பசை காயட்டும் என்று கொடியில் மாட்டிவிட்டுப் படுத்தாள்.

காலையில் எடுத்து அடுக்கும்போது விரலில் ஏதோ நெருடியது. ஒரு பையில், ஒட்டிய கரையை ஒட்டியே, வெள்ளை நூலில் பொடிப்பொடியாகக் கைத்தையல் ஓடியிருந்தது. முடிகிற இடத்தில் நூல் மூன்று சுற்று. அப்படி மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுகிறவள் அத்தாயி ஒருத்திதான்.

"கண்ணு, நீ ஏதாச்சும் ஊசியை எடுத்தயா?" என்று மகள் திவ்யாவைக் கேட்டாள்.

"எனக்கு நூல் கோக்கவே தெரியாதேம்மா. நம்மூட்டுல ஊசி எங்க இருக்குது?"

இல்லைதான். அந்த வீட்டில் ஊசியே இல்லை.

மறுநாள் மூன்று பைகளில் தையல் இருந்தது. அதற்கடுத்த நாள் ஏழு. நான்காம் நாள் காலை, ஒரு பையின் வாயே முழுக்கத் தைத்து மூடப்பட்டிருந்தது. நகம் நுழைய இடமில்லை. புஷ்பலதா கத்தரியை எடுத்தாள், வெட்ட மனமில்லாமல் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அத்தாயியின் புருஷன் சித்தனிடம் போனாள்.

காப்பித் தோட்டத்து வேலைக்குப் போவதையே விட்டிருந்தான் சித்தன். வாசற்கதவு திறந்தபடி இருந்தது. பையை வாங்கித் தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"அவ கைதானுங்க" என்றான். முகத்தில் பயமில்லை, ஆற்றாமைதான் இருந்தது. "மூணு மாசமா கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன் அம்மிணி. எங்கிட்ட ஒரு நாளும் வரலீங்க. உங்க ஊட்டுக்கு மட்டும் எதுக்கு வந்தா?"

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று புஷ்பலதாவுக்குப் புரிந்தது.

"அன்னைக்குக் குப்பனூருக்கு நான் போறதா இருந்துச்சுங்கண்ணா. தலவலின்னு சொல்லி அவளை அனுப்பினேன். தலவலி இல்லீங்க. அந்தப் பனியில எறங்கப் பயமா இருந்துச்சு."

சித்தன் பையை மடியில் வைத்து, முடிச்சை விரலால் நெருடினான்.

"பொய்யின்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றான். "நீங்க போங்க. இந்தப் பை இங்கயே இருக்கட்டும். பிரிக்க மாட்டேன்."

அவள் படியிறங்கியதும் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

மீதமிருந்த முப்பத்தொன்பது பைகளையும் விடுதியில் கொடுத்தாள். லோகேஷ் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "ஒட்டறதுன்னு சொல்லிட்டுக் கைத்தையலே போட்டிருக்கீங்க! நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதன்பிறகு கடையில் வெறும் பை வாங்கி ஒட்டிப் பார்த்தாள். காலையில் எதிலும் தையல் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள், ஒவ்வொரு பையையும் இரண்டு முறை தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த திவ்யா சொன்னாள்: "சித்தன் மாமா ஊட்டுக் கதவு பகல்லயே சாத்தியிருக்குதும்மா. உள்ள யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருக்காரு."

புஷ்பலதா போய்ச் சுவரோரம் நின்றாள். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. சித்தனின் குரல் மெதுவாக ஏதோ கேட்டது; நின்றது. மறுபடி கேட்டது, நின்றது. பதில் ஒன்றும் அவள் காதில் விழவில்லை. ஆனால் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு ஒவ்வொரு இடைவெளியும் நீளமாக இருந்தது. ஒருமுறை அவன் சிரித்தான்.

"புஷ்பாவா?" என்றான் பிறகு. "வெளிய நிக்கறாளா?"

அவள் காலிலிருந்து கழன்ற செருப்பைக்கூட மாட்டாமல், பனிக்குள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.