சங்கிலியில் ஐந்தாவது ஆள்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஆறு கிறிஸ்தவக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமை மாலை யாராவது ஒரு வீட்டில் கூடிச் சங்கிலி ஜெபம் செய்வோம். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். செய்வோம் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காக. இரண்டு வருடங்களாக என் முறை வரும் நேரம் பார்த்து எனக்குப் போன் வந்துவிடும். போன் இல்லை, நானே வைத்த அலாரம். "சொல்லுங்க சார்" என்றபடி வாசலுக்குப் போய்விடுவேன்.

சிறுசேரி ஆபீஸில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. அந்தப் புத்தி ஜெபத்திலும் விடாது. கண்ணை மூடியதும் மார்க் போட ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி ஜெரூஷாவுக்கு எண்பது. எதிர்வீட்டு ஷெர்வினுக்குத் தொண்ணூற்றைந்து. இருபத்தாறு வயதுதான், வசனத்தை அதிகாரத்தோடு சொல்வான், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கும். கடைசியில் எனக்கு என்ன தேறும் என்று யோசிக்கும்போதே அலாரம் அடித்துவிடும்.

இந்த வெள்ளிக்கிழமை தப்பிக்க முடியாது. லாசரஸ் அண்ணனுக்குத் திங்கட்கிழமை பைபாஸ் ஆபரேஷன். தினமும் ஏரிக்கரையில் என்னோடு நடப்பவர். நான் ஜோக் சொன்னால் நின்று சிரித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். ஒரு மாதமாக ஜோக் இல்லாமலேயே நின்றுகொண்டிருந்தார். புதன்கிழமை அப்படி நின்ற இடத்தில், வெள்ளிக்கிழமை நீ எனக்காக ஜெபம் பண்ணணும் என்றார். ஷெர்வின் இருக்கிறானே என்றேன்.

"அவன் பண்ணுனா நான் அவனைத்தான் ரசிச்சுக்கிட்டு இருக்கேன் எலியேசர். என் நெஞ்சே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நீ பண்ணு."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். நான்கு வாக்கியம் மனப்பாடம். டாக்டர்களின் கை, நல்ல தூக்கம், சீக்கிரம் வீடு திரும்புதல், அவர் மனைவி புஷ்பம் அக்காவுக்குத் தைரியம்.

லாசரஸ் அண்ணன் வீட்டு ஹாலில் வட்டத்தில் நான் ஐந்தாவது ஆள். எனக்கு முந்தின முறை ஷெர்வினுக்கு. என் நான்கையும் அவனே சொன்னான், அதே வரிசையில். டாக்டர்களின் கைக்கு ஒரு வசனம் வேறு. தொண்ணூற்றெட்டு.

"ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றியது. யாரோ மெதுவாக "ஸ்தோத்திரம்" என்று என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். ஆமென் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன்.

கண்ணைத் திறந்துவிட்டேன். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. லாசரஸ் அண்ணன் மட்டும் கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மார்க் எதுவும் இல்லை. பயம் இருந்தது.

"ஆண்டவரே, அண்ணன் பயந்து போயிருக்காரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. என்னோட மொக்கைக்குச் சிரிக்க எனக்கு வேற ஆளில்ல. அவரை எங்ககிட்டயே திருப்பிக் குடுங்க."

குரல் தழுதழுக்கக் கூடாத இடத்திலெல்லாம் தழுதழுத்தது. அதன் பிறகுதான் ஆமென் சொன்னேன். அடுத்து புஷ்பம் அக்கா. அவர் ஜெபத்துக்குப் பதிலாகக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கிலி அங்கேயே சற்று நேரம் நின்றது. யாரும் தள்ளவில்லை.

நான் செருப்புப் போடும்போது லாசரஸ் அண்ணன் வாசலுக்கு வந்தார். திங்கட்கிழமை காலை தன்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்து இதையே ஒருமுறை சொல்லச் சொன்னார்.

"ஷெர்வினையும் கூட்டிட்டு வரவா அண்ணே?"

"நீ வாடா."

வீட்டுக்கு வந்ததும் திங்கட்கிழமைக்கு லீவு போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப்பேர் என்னைவிட நன்றாக ஜெபிப்பார்கள். ஜெபிக்கட்டும்.