எண்ணெய் குடித்த வாட்ச்

குற்றாலம் மெயின் அருவிக்கரையில் இசக்கியிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருகிறவர்கள் மோதிரம், சங்கிலி, மணிபர்ஸ் எல்லாவற்றையும் அவர் மடியில் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்கள். இருபது வருஷத்தில் ஒரு குண்டுமணி குறைந்ததில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் மகள் ஆவுடையம்மாளை பி.ஏ. வரை படிக்கவைத்தார்.

போன ஆடிச் சாரலில் மதுரை மில் மானேஜர் ஞானசம்பந்தத்துக்குப் பாதித் தேய்ப்பில் தந்தி வந்தது. எண்ணெய் உடம்போடு காரில் ஏறிப் போய்விட்டார். அவருடைய பழைய சுவிஸ் வாட்ச் இசக்கி மடியிலேயே தங்கிவிட்டது. 1961 தை மாதம் கார்டு போட்டிருந்தார்: ஆனியில் வருகிறேன், வாட்ச் பத்திரம்.

கார்டைப் படித்துக் காட்டிய ஆவுடை வாட்சைக் கேட்டாள். அப்பா தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, வெளக்கெண்ண நாத்தம் அடிக்கு?"

"மறுநாளே நின்னுபோச்சுட்டி. வெறைச்சுக்கிட்டுன்னு நெனச்சு ரெண்டு சொட்டு விட்டு நீவிக் குடுத்தேன்."

"நீவிக் குடுத்தியளா!"

"அப்பவும் ஓடல. கல்லுல லேசா ரெண்டு தட்டுத் தட்டுனேன்."

வாட்சுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வாட்ச் கட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் முதுகை அவர் தேய்த்திருப்பார்! ஒருத்தனாவது சொல்லியிருப்பானா? ஆவுடைக்கு அப்பா மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி அத்தனை முதுகுகள் மேலும் போயிற்று.

"வாட்ச் மாறிட்டுன்னு ஒரு சொல்லு வந்துட்டா, நாளைக்கு எவன் என் மடியில மோதிரத்தப் போடுவான் தாயீ?" என்று அப்பா கேட்டபோது அவளால் திட்ட முடியவில்லை.

தென்காசியில் அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடையநல்லூர் கிதிர் முகம்மது வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கண்ணில் லென்ஸைச் செருகி, பின்மூடியைத் திறந்தார்.

"யாரு தாயீ இதுக்கு எண்ணெய்க் குளியல் நடத்துனது?"

"எங்கப்பா."

"நல்லா ஊறியிருக்கு. சீயக்கா ஒண்ணுதான் பாக்கி."

எண்ணெய்ப் பிசினைக் கழுவிவிடலாம். தட்டின தட்டில், ஓட்டத்தைச் சீராக்கும் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. அதுதான் சங்கடம். "புதுசாக் கடைஞ்சு போட்டுருவேன், ஓடும். ஆனா கம்பெனிக்காரன் போட்டது ஆகாது" என்றார்.

"கம்பெனிக்காரன் போட்டதேதான் வேணும். நீங்க எல்லாம் உள்ளதை உருவிட்டு வேற மாத்திருவியளாமே. நான் இங்கனயே இருந்து பாப்பேன்."

"பாருங்க. தும்மப்படாது, அவ்வளவுதான்."

அந்த அச்சை எடுக்க அதே கம்பெனி, அதே அளவு மெஷின் உள்ள இன்னொரு பழைய வாட்ச் வேண்டும். முகப்பில் பன்னிரண்டு மட்டும் சிவப்பு, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் குட்டி வட்டம்; அதுதான் அடையாளம். ஆவுடை பஸ்ஸிலும் சந்தையிலும் ஆண்பிள்ளைகளின் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். "படிச்ச பிள்ளை ஆம்பிளை கையப் பிடிக்கப் பாக்குதா" என்று பாவூர்சத்திரம்வரை பேச்சு போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான்காம் மாதம் செங்கோட்டை ஸ்டேஷனில் சிவப்புப் பன்னிரண்டைப் பார்த்தாள். கட்டியிருந்தவர் ரயில் கார்டு சங்கரநாராயணன். முள் இரண்டும் ஏழே காலில் துருப்பிடித்து நின்றன.

"ஓடாத வாட்ச எதுக்கு சார் கட்டியிருக்கிய?"

"மணி பாக்க ரயில்வே வாட்ச் பையில இருக்கும்மா. கை மொட்டையா இருக்கப்படாதுல்லா?"

அவள் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். "உள்ள இருக்கத எடுத்துக்கிடு. மேல இருக்கதத் திருப்பிக் குடுத்துரு. எனக்கு அதுதான் வேணும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோலில் கழுவிய சக்கரங்கள் கண்ணாடிக் கிண்ணங்களில் கிடந்தன. ரயில் கார்டின் வாட்சிலிருந்து எடுத்த அச்சைக் கிதிர் முகம்மது வெள்ளைத்தாளில் வைத்தார். எறும்பின் கால் போல ஒரு துண்டு. அதன் முனை அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்தத் தெரியாத முனையில்தான் எல்லாம் நிற்க வேண்டும் என்றார். ஆவுடை மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஞாயிறு மத்தியானம் அவர் சாவியை நாலு திருகு திருகிவிட்டு, பாலன்ஸ் சக்கரத்தை இடுக்கியால் தூக்கி இருப்பிடத்தில் இறக்கினார். மேல்தகட்டைப் பொருத்தி, திருகாணியை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய கம்பிச்சுருள் விரிந்தது, ஒடுங்கியது. ஆவுடை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு மாதமாக யார் மேலெல்லாம் கோபப்பட்டோம் என்பது அந்த நேரம் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை.

ஆனியில் ஞானசம்பந்தம் வந்தார். இசக்கி வாட்சைக் கையில் கொடுக்கவில்லை. நேரே கடைக்கு அழைத்து வந்தார்.

"நீ ஏதும் உள்ளே மாத்திடலையே?" என்று இசக்கியைக் கேட்டுக்கொண்டே ஞானசம்பந்தம் டைரியைப் புரட்டினார். மெஷின் நம்பரை எழுதி வைத்திருந்தார். கிதிர் முகம்மது மூடியைத் திறந்தார். நம்பர் சரியாக இருந்தது. ஆவுடைக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அய்யா, ஒரு அச்சு மட்டும் வேற வாட்சுல உள்ளது. நான்தான் தெரியாம எண்ணெய விட்டு, தட்டி, முறிச்சுட்டேன்."

"ஏப்பா!" என்றாள் ஆவுடை. நம்பர் சரி என்றான பிறகு இதை ஏன் சொல்ல வேண்டும்?

"எது?" என்றார் ஞானசம்பந்தம். லென்ஸை வாங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தெருவில் இரண்டு மாட்டுவண்டி போய்விட்டன. "எதுன்னே தெரியலையே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பதினஞ்சு வருஷம் கட்டியிருந்தேன். உள்ளே இப்படின்னு தெரியாது." பிறகு, "நாளைக்கு அருவிக்கு வர்றேன். அதுவரைக்கும் வாட்ச் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

'நீ' என்றவர் 'உங்ககிட்ட' என்றது ஆவுடை காதில் விழுந்தது. அப்பா காதில் விழவில்லை. அவர் கையை வேட்டியில் நாலுதரம் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக லென்ஸை வாங்கிக் குனிந்திருந்தார்.

"ஏட்டி, செவப்புக் கல்லுல்லா பதிச்சிருக்கான்!"

"ஆமாப்பா."

"மூடி போட்டு மூடிருதானே. பெறவு யாரு பாப்பா?"

"ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

"பின்ன எதுக்கு இவ்வளவு அழகு?"

கிதிர் முகம்மது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கொஞ்சம் பொறும்" என்றார் இசக்கி, கண்ணை எடுக்காமல்.